ஊட்டிக் குளிர்லயும் கார் ஆம்ப் சுடுது: விடலாமா, பார்க்கணுமா?

ஊட்டி வாசகர் | 4 ஜனவரி 2025, இரவு 9.40

கோயம்புத்தூர்ல ஏசி போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பாட்டு ஓடினாலும் ஒண்ணும் ஆகறதில்ல. மலை ஏறி குன்னூர் தாண்டினா அரை மணி நேரத்துல ஆம்ப் (பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கற ஆம்ப்ளிஃபையர் பெட்டி) கட் ஆகுது. வெளியில 10 டிகிரி குளிர், ஆம்ப் மேல கை வைக்க முடியல. பத்து நிமிஷம் விட்டா தானா திரும்பப் பாடுது. நாலு சேனல், ஏபி கிளாஸ் (ஆம்ப் வேலை செய்யற ஒரு முறை), சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கற பவர்), முன் சீட்டுக்கு அடியில இருக்கு. கதவுல நாலு ஸ்பீக்கர், எல்லாம் 4 ஓம். ஒரு கடையில "ஆம்ப்னா சுடத்தான் செய்யும்"ங்கறாங்க. இன்னொரு கடையில "போர்டு போச்சு, மாத்துங்க"ங்கறாங்க. எதை நம்பறது அண்ணா?

கோத்தகிரி | 4 ஜனவரி, இரவு 10.25

போர்டை மாத்தாதீங்க, இப்போதைக்கு.

சுடறது ஏன்னு முதல்ல கணக்காப் பார்ப்போம். உங்களுது மொத்தம் 200 வாட் ஆம்ப். பாட்டு நல்ல சத்தமா, ஆனா உடையாம ஓடும்போது ஸ்பீக்கருக்குப் போற சராசரி அதுல எட்டில் ஒரு பங்குதான், 25 வாட். அந்த 25 வாட்டைக் கொடுக்க ஏபி கிளாஸ் அவுட்புட் ஸ்டேஜ் (ஸ்பீக்கரை ஓட்டற டிரான்சிஸ்டர் பகுதி) ரெயில்ல இருந்து (பவர் சப்ளை அதுக்குக் கொடுக்கற வோல்ட்டேஜ் லைன்) சுமார் 90 வாட் இழுக்கும். பாட்டு இல்லாட்டியும் ஓடற பயாஸ் கரன்ட்டுக்கு ஒரு 10 வாட். 12 வோல்ட்டை மேல தூக்கிக் கொடுக்கற டோராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்), மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யற டிரான்சிஸ்டர்) அடங்கின பவர் சப்ளை 85 சதவீதம்தான் வேலை செய்யும். ஆக பேட்டரியில இருந்து 118 வாட் வருது, 13.8 வோல்ட்டுல எட்டரை ஆம்பியர். ஸ்பீக்கருக்கு 25 போனா மீதி 93 வாட்டும் சூடுதான். சீட்டுக்கு அடியில பழைய 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கற மாதிரி. அதுக்குத்தான் அந்த அலுமினிய உடம்பு (ஹீட் சிங்க், சுருக்கமா சிங்க்) முழுக்க வரி வரியா இருக்கு.

அதனால சுடறது நோய் இல்ல. சுத்தி இருக்கற காத்தை விட எவ்வளவு ஏறுது, எங்க ஏறுது, பாட்டே இல்லாதப்போ ஏறுதா, இந்த மூணும்தான் பார்க்க வேண்டியது. கையை வெச்சுப் பார்த்துச் சொல்ற தீர்ப்பு செல்லாது. 50 டிகிரி உலோகத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம், 60 ஆச்சுன்னா சில நொடியில கையை எடுத்துடுவோம். 60 டிகிரி இந்த ஆம்புக்குச் சாதாரணம். பெரும்பாலான ஆம்புல தெர்மல் கட் (சூடு மிஞ்சினா ஆம்ப் தானா அணையறது) வர்றது சிங்க் 80ல இருந்து 90 டிகிரி தொடும்போது.

பத்து நிமிஷத்துல தானா பாடுதுன்னா அது தெர்மல் கட். ஸ்பீக்கர் வயர் ஷார்ட்னால வர்ற ப்ரொடெக்ட் (ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்க அணையறது) பெரும்பாலும் செட்டை (கார் ஸ்டீரியோவை) ஆஃப் பண்ணி ஆன் பண்ணாம விடாது. வோல்ட்டேஜ் குறைஞ்சு கட் ஆனா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் வந்துடும். உங்களுது நிஜமாவே 80க்கு மேல போகுது. குளிர்ல எப்படிப் போகுதுங்கறதுதான் கேள்வி.

குன்னூர் தாண்டினதும் ஹீட்டர் போடறீங்களா? காத்து எந்தப் பக்கம் விடறீங்க?

ஊட்டி வாசகர் | 4 ஜனவரி, 10.50

ஆமா அண்ணா. ஹீட்டர் முழுசா, கால் பக்கம். அம்மா பின் சீட்ல இருப்பாங்க, அவங்களுக்குக் கால் குளிரும்.

கோத்தகிரி | 4 ஜனவரி, 11.05

அதுதான்.

நிறைய கார்ல பின் சீட்டுக்காரங்க காலுக்குப் போற ஹீட்டர் குழாய், சென்டர் கன்சோல்ல இருந்து முன் சீட்டுக்கு அடியிலதான் வந்து வாய் திறக்கும். கார்பெட்டைக் கொஞ்சம் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க, கறுப்பு பிளாஸ்டிக் வாய் ஒண்ணு ஆம்பைப் பார்த்துக்கிட்டு இருக்கும். ஹீட்டர்ல ஓடற இன்ஜின் தண்ணி 85, 90 டிகிரி. அந்த வாய்ல வர்ற காத்து 45, 50.

ஆம்ப் அந்த 93 வாட்டைக் கழிக்கறதுக்குச் சுத்தியிருக்கற காத்தை விட 45 டிகிரி ஏறணும்னு வெச்சுக்குங்க (சிங்க் வாட்டுக்கு அரை டிகிரி). கோயம்புத்தூர்ல ஏசி ஓடுது, கார் உள்ள 25. கூட்டினா 70, கட் ஆகாது. ஊட்டியில ஹீட்டர் வாய்க்கு முன்னாடி 45. கூட்டினா 90, கட் ஆகும். வெளியில எத்தனை குளிர்னு ஆம்புக்குத் தெரியாது. தன்னைத் தொடற காத்துதான் அதுக்கு ஊர்.

நாளைக்கு இதே சத்தத்துல, ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் மட்டும் திருப்பி வெச்சு ஓட்டிப் பாருங்க. கட் ஆகலைன்னா பாதி வேலை முடிஞ்சது.

கொடைக்கானல் | 5 ஜனவரி, காலை 7.15

கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

முதலாவது உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். விசிறி இல்லாத ஹீட் சிங்க் சூடான காற்று மேலே எழுவதை நம்பித்தான் ஆறுகிறது. அந்த ஆறுதல் இங்கே 10 சதவீதம் அளவுக்குக் குறையும். கீழே 45 டிகிரி ஏறும் ஆம்ப் இங்கே 48, 49 ஏறும். விசிறி வைத்த ஆம்பில் இழப்பு இன்னும் அதிகம், 15 சதவீதத்தைத் தாண்டும், ஏனென்றால் விசிறி தள்ளுவதும் இதே மெல்லிய காற்றைத்தான்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். ஹீட்டர் வாயிலிருந்து வருவது நிற்கும் காற்று அல்ல, வேகமாக வீசும் காற்று. வீசும் காற்று சிங்க்கிலிருந்து வெப்பத்தை நன்றாகவே பறிக்கும். ஆகவே 45உடன் முழு 45ஐக் கூட்டக் கூடாது.

கோத்தகிரி | 5 ஜனவரி, காலை 8.00

ரெண்டும் சரி, ஏத்துக்கறேன். காத்து வீசறதால ஏற்றம் 45க்குப் பதிலா 35ன்னு வெச்சாலும் கூட்டுத்தொகை 80 வருது. கட் ஆகற விளிம்பு. முன்னாடி சொன்ன 90 கூடுதல். அரை மணி நேரம் பொறுத்துத்தான் கட் ஆகுதுங்கறதும் இந்த 80க்குத்தான் பொருந்துது.

மெல்லிய காத்து விஷயத்துல ஒரு சேர்த்தி. ஊர் ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குளிருது. ஊட்டிக்கு வர்றதுக்குள்ள 14 டிகிரி லாபம், மெல்லிய காத்தால 4 டிகிரி நஷ்டம். மலை மேல இருக்கறதால ஆம்புக்கு நிகர லாபம்தான், நாம ஹீட்டர் வெச்சு அதைக் கெடுக்காத வரைக்கும்.

கூடலூர் | 5 ஜனவரி, மதியம் 1.30

எங்க ஊர்ல ஒருத்தர் ஆம்ப் மேல தோசை ஊத்தலாம்ங்கறார்.

கோத்தகிரி | 5 ஜனவரி, 1.45

தோசைக்கல் 200 டிகிரிக்குப் பக்கம் வேணும். ஆம்ப் அதுக்கு ரொம்ப முன்னாடியே படுத்துடும். மாவு வேணா புளிக்கும்.

கோத்தகிரி | 5 ஜனவரி, இரவு 9.10

சூட்டை அளக்கறது எப்படின்னு தனியாவே எழுதிடறேன், ஏன்னா இதுல தப்பு பண்ணினா மேல உள்ள கணக்கெல்லாம் வீண்.

துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கற இன்ஃப்ராரெட் மீட்டர் பளபளக்கற அலுமினியத்துல பொய் சொல்லும். 75 டிகிரி சிங்க்கை 40ன்னு காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ரெண்டு விரல் அகலத்துக்குச் சிங்க்ல அழுத்தி ஒட்டி, ரெண்டு நிமிஷம் விட்டு, மீட்டரை ஒரு சாண் தூரத்துல பிடிச்சு டேப்பைப் பார்த்து அளங்க. கறுப்பு அனோடைஸ் பண்ணின சிங்க்னா டேப் இல்லாமலே ஏறக்குறைய சரியா வரும். மல்டிமீட்டரோட வர்ற கே டைப் தெர்மோகப்பிள் இருந்தா இன்னும் நல்லது, முனையில துளி தெர்மல் பேஸ்ட் வெச்சு அதே டேப்பால ஒட்டிடுங்க.

மூணு இடம் அளக்கணும்: பவர் சப்ளை இருக்கற முனை, அவுட்புட் இருக்கற முனை, பக்கத்துல ஒரு சாண் தள்ளிக் காத்து. ரெண்டு முனைக்கும் 10 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். அதுக்கு மேல போனா உள்ள ஏதோ ஒரு பக்கம் தனியா உழைக்குது.

பாட்டை நிறுத்திட்டு, செட் ஆன்லயே அரை மணி நேரம் விட்டு ஒரு தடவை அளங்க. இந்த மாதிரி ஆம்ப் சும்மா இருக்கும்போது ஒண்ணு, ஒண்ணரை ஆம்பியர் எடுக்கும், சிங்க் காத்தை விட 10 டிகிரி ஏறினா அதிகம். சும்மா இருக்கும்போதே 3 ஆம்பியர் எடுத்து 25, 30 டிகிரி ஏறுதுன்னா அதை விடக் கூடாது. பயாஸ் ஏறியிருக்கும், இல்ல ஏதாவது ஒரு டிரான்சிஸ்டர் ஒழுகும், இல்ல காதுக்குக் கேட்காத அலைவரிசையில ஆம்ப் தானா ஆடிக்கிட்டு இருக்கும்.

கூடலூர் | 6 ஜனவரி, காலை 10.20

சூடானா என்ன கெட்டுப்போகும்? கட் ஆகாம ஓடற வரைக்கும் விட்டுடலாமா?

கோத்தகிரி | 6 ஜனவரி, 11.40

டிரான்சிஸ்டரை விடலாம், கண்டன்சரை விட முடியாது.

டிரான்சிஸ்டர்: அவுட்புட்ல கழியற 65 வாட்டை எட்டு டிரான்சிஸ்டர் பங்கு போட்டா ஆளுக்கு 8 வாட். உள்ள இருக்கற சிலிக்கான் சில்லுல இருந்து சிங்க் வரைக்கும் மைக்காவும் (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) பேஸ்ட்டும் சேர்த்து வாட்டுக்கு ஒன்றரை டிகிரி. அப்போ சிங்க் 80ல இருந்தா சில்லு 92. அதோட எல்லை 150. நிறைய இடைவெளி இருக்கு.

கண்டன்சர்: பவர் சப்ளையில நிக்கற எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர் 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு, 10 டிகிரி ஏறினா பாதி. மேல 105 டிகிரி, 2,000 மணி நேரம்னு கணக்குள்ள சரக்கு 85 டிகிரியில 8,000 மணி நேரம் தாங்கும், 65ல 32,000. தினமும் மூணு மணி நேரம் ஓடற டூரிஸ்ட் வண்டியில 8,000 மணிங்கறது ஏழு வருஷம். விலை குறைஞ்ச ஆம்புல 85 டிகிரி கண்டன்சர் போட்டிருப்பாங்க. அது இந்தச் சூட்டுல ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துலயே தலை உப்பிடும். முதல்ல பாஸ் தளரும், அப்புறம் ஸ்பீக்கர்ல ஆல்டர்நேட்டர் இரைச்சல் ஏறும், கடைசியில மாஸ்ஃபெட் போகும். மாத்தும்போது 105 டிகிரி சரக்கா வாங்குங்க, டோராய்டை ஒட்டி நிக்கறதை முதல்ல மாத்துங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சந்தேகப்படறதே இல்ல: சிங்க் குளிர்ந்து இருக்கு, ஆனா ஆம்ப் கட் ஆகுது. சிங்க் சுட்டா சூடு வெளியே வந்துடுச்சுன்னு அர்த்தம். சிங்க் சில்லுன்னு இருந்து கட் ஆனா சூடு உள்ளயே நிக்குது. அடித்தட்டைக் கழட்டிப் பாருங்க. டிரான்சிஸ்டரைச் சிங்க்கோட அழுத்திப் பிடிக்கற இரும்புப் பட்டை தளர்ந்திருக்கும். பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிரும். மைக்காவுல டிரான்சிஸ்டர் உட்கார்ந்த இடத்துல சாம்பல் நிறத்துல வளையம் தெரியும், அந்த வளையத்துக்குள்ள மட்டும்தான் ஒட்டியிருந்துச்சு. அப்போ வாட்டுக்கு ஒன்றரை டிகிரிங்கறது நாலஞ்சு டிகிரி ஆகிடும்.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு எடுங்க. புதுசு தடவும்போது மைக்கா வழியா அடியில இருக்கறது மங்கலாத் தெரியணும், அவ்வளவு மெல்லிசா. கெட்டியாப் பூசினா அது சூட்டுக்கு இன்னொரு கம்பளி. பட்டையை நடு ஸ்க்ரூல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்கணும். முடிச்சதும் ஒவ்வொரு டிரான்சிஸ்டர் முதுகுக்கும் சிங்க்குக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க, பீப் அடிக்கக் கூடாது.

நம்ம மலையில இந்தப் பட்டை தளர்றது கீழ இருக்கறவங்களை விட அதிகம். எஸ்டேட் ரோட்டுல ஓடற ஜீப்புன்னா வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து ஸ்க்ரூ பார்க்கறது நல்லது.

கூடலூர் | 6 ஜனவரி, மாலை 6.00

எஸ்டேட் ஜீப் ஆம்ப்தான் இங்க மேசை மேல இருக்கு. பவர் சப்ளை நாலு மாஸ்ஃபெட். ரெண்டு தொட முடியாத சூடு, ரெண்டு பச்சைத் தண்ணி. ஐஆர்எஃப்இசட் 44 இருந்த இடத்துல யாரோ ஐஆர்எஃப் 3205 போட்டிருக்காங்க. பெரிய மாஸ்ஃபெட் போட்டா சூடு குறையணும்தானே?

கோத்தகிரி | 6 ஜனவரி, இரவு 8.30

ரெண்டு பிரச்னை கலந்து கிடக்கு.

ஒரு பக்கம் மட்டும் சூடுன்னா முதல்ல டோராய்டு கால்களைப் பாருங்க. இந்த சப்ளை புஷ்-புல், ரெண்டு பக்கமும் மாறி மாறி இழுக்கணும். டோராய்டு கனமான பொருள், பிடிச்சிருக்கற பசை விட்டுடுச்சுன்னா பள்ளம் மேட்டுல ஆடி ஆடிக் காலைச் சுத்தி ஈயத்துல முடி கனத்துக்கு வட்டமா ஒரு கீறல் விழும். லென்ஸ் வெச்சுத்தான் தெரியும். ஒரு கால் விட்டா ஒரு பக்கம் வேலை நிறுத்தம், இன்னொரு பக்கம் முழுப் பாரத்தையும் இழுக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசா வைங்க, மேலயே பூசாதீங்க. டோராய்டு அடியில நியூட்ரல் சிலிக்கோன் வெச்சு ஒட்டிடுங்க. வினிகர் வாசம் வர்ற சிலிக்கோன் வேண்டாம், செம்பை அரிக்கும்.

3205 விஷயம்: ஓடும்போது அதோட தடை 8 மில்லிஓம், 44என் 17.5 மில்லிஓம். அந்தக் கணக்குல சூடு பாதியாகணும். ஆனா 3205ஓட கேட்டை (மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடற கால்) நிரப்பவும் காலி பண்ணவும் தேவையான சார்ஜ் 146 நானோகூலும், 44என்க்கு 63. டிஎல் 494ம் (சப்ளையைக் கட்டுப்படுத்தற ஐசி) ரெண்டு சின்ன டிரான்சிஸ்டரும் 63க்குன்னு அமைச்சது. 146ஐ அதால வேகமாக் காலி பண்ண முடியாது. மாஸ்ஃபெட் மெதுவா மூடும், மூடற அந்த இடைவெளியிலதான் சூடு பிறக்குது. நாலும் 3205ன்னா கேட் ரெசிஸ்டரையும் டிரைவரையும் பார்க்கணும். ரெண்டு 44, ரெண்டு 3205ன்னு கலந்திருந்தா முதல் வேலையா நாலையும் ஒரே வகையா, ஒரே பேக்ல வாங்கி மாத்துங்க.

மாத்தினதும் நேரா பேட்டரி கொடுக்காதீங்க. பாசிட்டிவ் வயர்ல 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பை சீரிஸ்ல போடுங்க. ஆன் பண்ணினதும் ஒரு மின்னு மின்னி அணைஞ்சு லேசா சிவந்து நின்னா சரி. முழுசா எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட், ஆனா மாஸ்ஃபெட் தப்பிச்சது.

கோத்தகிரி | 8 ஜனவரி, இரவு 9.00

போன்ல ஒருத்தர் கேட்டதுக்கு "கெயினை (ஆம்ப் எவ்வளவு பெருக்கணும்னு வைக்கற திருகு) ஏத்தி கிளிப் ஆச்சுன்னா அவுட்புட் டிரான்சிஸ்டர் வெந்துடும்"னு சொல்லியிருந்தேன். சொன்ன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தா அது அரைகுறை. இங்கயே திருத்திடறேன்.

இதே 200 வாட் ஆம்ப்: எட்டில் ஒரு பங்கு பவர்ல அவுட்புட் டிரான்சிஸ்டர்ல கழியறது 65 வாட். மூணில் ஒரு பங்குல 80. முழு 200 வாட் சைன் அலையில 55தான்! முழுசா ஓடும்போது டிரான்சிஸ்டர் பாதியில ஓடறதை விடக் குளிர்ச்சியா இருக்கும். அதோட உச்சச் சூடு முழுப் பவர்ல 40 சதவீதத்துக்குப் பக்கம்.

அப்புறம் ஏன் கெயின் ஏத்தினா சுடுது? பாட்டு கிளிப் ஆகும்போது உச்சி வெட்டுப்படுது, சராசரி எட்டில் ஒண்ணுல இருந்து மூணில் ஒண்ணுக்கு ஏறிடுது, சரியா அந்த மோசமான இடத்துக்கு. பேட்டரியில இருந்து வர்ற கரன்ட்டும் எட்டரையில இருந்து 13 ஆம்பியர் ஆகும், அதனால பவர் சப்ளை பக்கம் சூடு ஒன்றரை மடங்கு. சூட்டுக்குக் காரணம் கிளிப் ஆகறது இல்ல, அதோட வர்ற சராசரி. ஸ்பீக்கர் காயில் கருகறதும் இதே சராசரியாலதான்.

கெயின் வைக்கறது: ஸ்பீக்கர் வயரைக் கழட்டுங்க. பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். செட் வால்யூமை முக்கால் அளவுல வெச்சு, 1 கிலோஹெர்ட்ஸ் 0 டெசிபெல் டெஸ்ட் டோன் ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினல்ல ஏசி வோல்ட் பாருங்க. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம். 50 வாட், 4 ஓம்னா 14.1 வோல்ட். அது வர்ற வரைக்கும் கெயின், அதோட நிறுத்திடுங்க.

கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டரை (கீழ் பாஸை வெட்டற ஸ்விட்ச்) 80 ஹெர்ட்ஸ்ல போடுங்க. பவர்ல பெரும்பகுதியைத் தின்னறது கீழ் பாஸ்தான், ஆறு இஞ்ச் ஸ்பீக்கரால அதை உருப்படியாக் கொடுக்கவும் முடியாது. ஒரு ஸ்விட்சைத் தள்ளினாலே சூடு நல்லாக் குறையும்.

கொடைக்கானல் | 8 ஜனவரி, இரவு 9.45

இதோடு ஓமையும் சேர்க்க வேண்டும். 4 ஓமுக்குப் பதில் 2 ஓம் கட்டினால் அதே சத்த நிலையில் கரன்ட் இரட்டிப்பு, டிரான்சிஸ்டரில் கழியும் சூடும் இரட்டிப்பு, 65 என்பது 130 ஆகும். இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) 4 ஓம் சப்வூஃபர் மாட்டியவர்கள் தாங்கள் 4 ஓமில் இருப்பதாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு சேனலும் பார்ப்பது 2 ஓம். சந்தேகம் இருந்தால் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரை காட்டும். 1.7 காட்டினால் உள்ளே இரண்டு சேர்ந்திருக்கின்றன.

கூடலூர் | 11 ஜனவரி, காலை 9.30

டோராய்டு காலேதான். வட்டக் கீறல், லென்ஸ்ல தெரிஞ்சது. நாலு மாஸ்ஃபெட்டும் 44என் புதுசு. பல்பு மின்னி அணைஞ்சது. இப்ப நாலும் ஒரே சூடு.

சீசன் டைம்ல கல்லாறுல இருந்து பர்லியாறு வரைக்கும் (மேட்டுப்பாளையம்-குன்னூர் மலை ரோடு) வண்டி நகராம நிக்கும்போது நிறைய டூரிஸ்ட் வண்டி ஆம்ப் கட் ஆகுது. அங்க ஹீட்டரும் கிடையாதே?

கோத்தகிரி | 11 ஜனவரி, மதியம் 12.15

அது வோல்ட்டேஜ். ஐடிலிங்ல ஆல்டர்நேட்டர் தன்னோட முழுக் கரன்ட்டைக் கொடுக்காது. ஏசி பிளோயர் 15 ஆம்பியர், ஹெட்லைட் 9. மேல மூடுபனியில வந்துட்டா ஃபாக் லாம்ப் இன்னொரு 9, பின் கண்ணாடி டிஃபாகர் 12, வைப்பர் 4. ஆம்ப் இதுக்கு மேல. 13.8 இருந்தது 12.2க்கு இறங்கிடும்.

இங்க ஆம்பைப் பொறுத்து நடக்கறது வேற வேற. ரெகுலேட் பண்ணின சப்ளை உள்ள ஆம்ப் ரெயில் வோல்ட்டேஜை விட்டுக் கொடுக்காது, அதே பவருக்கு அதிகக் கரன்ட் இழுக்கும், மாஸ்ஃபெட் சூடாகும். கரன்ட் 13 சதவீதம் ஏறினா மாஸ்ஃபெட் தடையில கழியற சூடு 28 சதவீதம் ஏறும். ரெகுலேஷன் இல்லாத ஆம்ப் கூடக் கரன்ட் இழுக்காது, ரெயில் இறங்கி சீக்கிரமே கிளிப் ஆகும். கேக்கறவர் சத்தம் பத்தலைன்னு வால்யூமை ஏத்துவார். சராசரி ஏறி, முன்னாடி சொன்ன கதைதான்.

ஆம்ப் டெர்மினல்லயே மீட்டர் வெச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் பேட்டரி பாசிட்டிவ்ல ஒரு முனை, ஆம்ப் பாசிட்டிவ்ல ஒரு முனை வெச்சுப் பாட்டு ஓடும்போது அளந்தா வயர்ல எவ்வளவு தொலையுதுன்னு நேராத் தெரியும். அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எர்த் பக்கம் அதே மாதிரி, கால் வோல்ட்டுக்குள்ள. 8 கேஜ் சுத்தச் செம்பு வயர் 5 மீட்டர்ல 25 ஆம்பியருக்கு 0.26 வோல்ட் விடும். அலுமினியத்து மேல செம்பு பூசின வயர்னா 0.4க்கு மேல. கடையில ரெண்டும் ஒரே நிறம், ஒரே தடிமன். நுனியைக் கத்தியால சுரண்டினா வெள்ளையாத் தெரிஞ்சா அது அலுமினியம், கையில தூக்கினாலே லேசா இருக்கும்.

எர்த்துக்கு பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டி, ரிங் டெர்மினல் போட்டு போல்ட் வைங்க, மேல கிரீஸ் தடவுங்க. இந்த ஈரத்துல சுரண்டின இடம் ஒரு மழைக்காலத்துல துருப்பிடிச்சுடும்.

கொடைக்கானல் | 14 ஜனவரி, இரவு 8.00

மூடுபனி ஊர்களுக்கு இன்னொன்று. இங்கே ஆம்பைக் கொல்வதில் சூட்டுக்கு இணையாக நிற்பது குளிர்ந்த ஆம்ப்.

இரவு முழுவதும் வெளியில் நின்ற காரில் காலையில் ஆம்பின் உலோகம் 5 டிகிரியில் இருக்கிறது. ஈரக் குடை, ஈரச் செருப்பு, நான்கு பேரின் மூச்சு, ஹீட்டர். ஈரமான வெதுவெதுப்பான காற்று அந்த உலோகத்தைத் தொட்டதும் கண்ணாடியில் படிவது போலவே போர்டிலும் நீர் படியும். கெயின், கிராஸ்ஓவர் திருகுகளில் கரகர சத்தம், ஆர்சிஏ பின்னில் (செட்டிலிருந்து வரும் சிக்னல் வயரின் முனை) பச்சை, டெர்மினல் ஸ்க்ரூவில் வெள்ளைப் பொடி, எல்லாம் இதன் அடையாளம். சூடான ஆம்பில் நீர் படியாது. ஆகவே காலையில் காரை எடுத்ததும் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, உலோகம் வெதுவெதுப்பான பிறகு ஹீட்டரை ஏற்றுங்கள்.

கார்பெட்டின் மேல் நேராக வைக்காமல் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் கொடுத்து 2 செ.மீ. தூக்குங்கள். ஈரத்திலிருந்தும் தப்பும், அடியில் காற்றும் ஓடும். வரிகள் மேல்நோக்கி இருக்கட்டும். பின் தட்டின் அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் சூடு எழுந்து மறுபடி ஆம்பிலேயே தங்கிவிடும்.

ஊட்டி வாசகர் | 19 ஜனவரி, மாலை 5.20

அண்ணா, பார்த்துட்டேன். கறுப்பு டேப் ஒட்டி அளந்தேன். ஹீட்டர் கால் பக்கம்: காத்து 44, சிங்க் 81, கட். கண்ணாடிப் பக்கம்: காத்து 17, சிங்க் 63, ஒன்றரை மணி நேரம் ஓடியும் கட் ஆகல. குழாய் வாய் ஆம்புக்கு நாலு விரல் தூரத்துல நேராப் பார்த்துக்கிட்டு இருக்கு. குழாயை அடைச்சா அம்மாவுக்குக் குளிரும். விசிறி வைக்கலாமா, இல்ல ஆம்பை டிக்கிக்கு மாத்தவா?

கோத்தகிரி | 19 ஜனவரி, இரவு 7.45

நிக்கற காத்துல ஏற்றம் 46, வீசற காத்துல 37. கொடைக்கானல்காரர் சொன்னது அப்படியே வந்திருக்கு.

விசிறி வேண்டாம். 44 டிகிரி காத்தையே இன்னும் வேகமா அடிக்கும், ஈரத்தையும் செருப்பு மண்ணையும் உள்ள இழுக்கும். ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகடு ஒண்ணை வாங்கி, குழாய் வாய்க்கும் ஆம்புக்கும் நடுவுல சாய்வா நிறுத்துங்க, காத்து ஆம்புக்கு மேல போகாம பக்கவாட்டுல பின்னாடி கால் பக்கம் திரும்பணும். தகடு ஆம்பைத் தொடக் கூடாது, 2 செ.மீ. விடுங்க. அம்மா காலுக்குச் சூடு குறையாது.

சீட்டைக் கழட்டும்போது அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக், சீட் பெல்ட் லைன். அதைத் தொடாதீங்க. கழட்டியே ஆகணும்னா முதல்ல பேட்டரி நெகட்டிவை எடுத்துட்டுப் பத்து நிமிஷம் பொறுங்க. தகட்டை நிறுத்தத் தரையில ஓட்டை போடறதா இருந்தா காருக்கு அடியில படுத்துப் பார்த்துட்டுப் போடுங்க, பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்த வழியாத்தான் போகுது.

பேட்டரி பக்கத்துல இருக்கற ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பார்த்தீங்களா? அது சிங்க்கை விட சூடா இருக்கா?

ஊட்டி வாசகர் | 20 ஜனவரி, காலை 8.10

பிளாஸ்டிக் லேசா பழுப்பாகி இருக்கு. சூடாத்தான் இருக்கு.

கோத்தகிரி | 20 ஜனவரி, காலை 8.20

அதை இன்னைக்கே மாத்துங்க, தகடு அடுத்த வாரம் போட்டுக்கலாம். தளர்ந்த ஸ்க்ரூவுல 20 மில்லிஓம் தடை இருந்தாலே போதும், 25 ஆம்பியர் போகும்போது பன்னிரண்டரை வாட். 25 வாட் சால்டரிங் அயன்ல பாதிச் சூடு கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குள்ள. ஆம்ப் சிங்க் இதை விட ஏழு மடங்கு சூட்டைக் கழிக்குது, ஆனா அதுக்கு உடம்பு இருக்கு. இதுக்கு இல்ல. அங்க தெர்மல் கட்டும் கிடையாது, ஃப்யூஸும் இதுக்குப் போகாது, ஏன்னா கரன்ட் அளவு சரியாத்தான் இருக்கு.

புது ஹோல்டர் பேட்டரியில இருந்து 45 செ.மீ.க்குள்ள. வயர் நுனியைக் கருத்த பகுதி போற வரைக்கும் வெட்டி எறிங்க. நுனிக்கு ஈயம் பூசாதீங்க, ஸ்க்ரூ அழுத்தத்துல ஈயம் நாளாக நாளாக நசுங்கித் தளரும். செம்பு ஃபெரூல் (வயர் நுனியில மாட்டற குழல்) போட்டு நசுக்கி இறுக்குங்க. ரெண்டு தடவை காட் ரோட்டுல ஏறி இறங்கினதும் ஸ்க்ரூவை ஒரு தடவை திரும்ப இறுக்கிடுங்க.